உப்புப் புண் என்று சொன்னேன்

உப்பளத்தில் வேலை செய்கிற பெண் யாரையாவது நிறுத்தி, உடம்பில் புண் எதுவும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்வதில்லை. காலில் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். பாவாடை நாடா இறுகுகிற இடுப்புச் சதையில் உப்புத் தண்ணீர் ஊறி ஊறிக் கருத்துப்போன புண் குறைந்தது இரண்டு இருக்கும். அதையெல்லாம் நாங்கள் புண்ணில் சேர்ப்பதே கிடையாது. அது உப்புப் புண். தை மாதம் உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த இறங்கினால் வரும், ஐப்பசி மழைக்கு வேலை நின்றால் ஆறும். அதற்கு யாரும் மருந்து போட்டதில்லை, யாரும் டாக்டரிடம் காட்டியதும் இல்லை.

இந்த ஒரு பழக்கத்தால் என் மகளைப் பறிகொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். வாயால் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று மரக்காணத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் உப்பளக் கொட்டகையில் நான் ஆரம்பித்தாலே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான், எழுதத் தெரியும். எழுதிக் கையில் கொடுத்தால் எழுந்து போக முடியாது பாருங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகத் தலை இடிக்கிறது, தை வெயில் இந்த வருடம் இப்போதே கொளுத்துகிறது.

என் பெயர் செல்வராணி. வீட்டுக்காரர் ஏழுமலை, கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு காண்டிராக்டரிடம் பெயின்ட் வேலை. எங்களுக்கு ஒரே பெண், யாழினி. போன தையில் அவள் இரண்டாம் வகுப்பு.

பொங்கல் லீவில் அவளை வீட்டில் விட ஆள் இல்லாமல் உப்பளத்துக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் செய்கிறதுதான். நாங்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி மிதிக்க ஆரம்பிப்போம். பிள்ளைகள் கொட்டகையில் சாக்கு விரித்துத் தூங்கும், வெளிச்சம் வந்ததும் எழுந்து விளையாடும். கொட்டகைக்குப் பின்னால் வேலிகாத்தான் முட்புதர். மழை ஓய்ந்த சமயம், புல்லும் செடியுமாக இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. யாழினியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் புகுந்து ஒரு வீடு கட்டிவிட்டார்கள். செங்கல்லில் அடுப்பு, தகர டப்பாவில் சோறு. உள்ளே எலிப் பொந்து இருந்ததாம், அதற்குத் தினமும் சோறு வைத்தார்களாம். அப்போது கேட்கும்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில், பாவாடை எலாஸ்டிக் படுகிற இடத்தில், பின்பக்கமாக ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா, இங்க கருப்பா ஒண்ணு இருக்குது."

"வலிக்குதா?"

"இல்ல."

"அரிக்குதா?"

"இல்ல."

"அது உப்புப் புண்ணுடி. அம்மாவுக்குப் பாரு எத்தன இருக்குதுன்னு" என்று புடவையை நகர்த்தி என் இடுப்பைக் காட்டினேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரிய மனுஷி ஆகிவிட்டவள் மாதிரி ஒரு பெருமை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், எனக்கும் உப்புப் புண்ணு வந்துடுச்சு என்று சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நான் வாசலில் நின்று சிரித்தேன். தேங்காயெண்ணெய் தொட்டு வைத்ததோடு அதை மறந்தும் போனேன்.

மூன்றாம் நாள் ஜுரம் வந்தது. தலை வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாள். மாத்திரை கொடுத்தால் ஒரு மணி நேரம் இறங்கும், திரும்ப ஏறும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். ஊசி போட்டு, சளி ஜுரம் என்று மருந்து எழுதினார்கள். ஜுரம் வந்து நாலாம் நாளும் விடவில்லை. ஊரில் கொசு மருந்து அடிக்கிற சமயம், எல்லோருக்கும் டெங்கு பயம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கு இல்லை என்று வந்தது. நான் கும்பிட்டேன். டெங்கு இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கு அர்த்தம்.

அந்த டாக்டர் மேல் பழி போட எனக்கு மனசு வராது. அவர் கேட்டார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். உடம்பில் புண்ணு, கொப்புளம், தழும்பு எதுவும் இருக்கிறதா அம்மா என்று.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

யாழினி என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் சொன்னதும் தலையைத் தூக்கி வாயைத் திறந்தாள். வாந்தி வருகிறது என்று நினைத்து அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வாந்தி வரவில்லை. என்ன சொல்ல வந்தாள் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஆறாம் நாள் காலையில் அவள் முகம் உப்பியிருந்தது. கண் இரண்டும் கோடு மாதிரி. வயிறு வலிக்கிறது என்று முனகினாள், மூச்சு வேகவேகமாக வாங்கியது. பேச்சு குழறியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கிளினிக் டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே ஒரு கடிதம் எழுதி, புதுச்சேரிக்குக் கொண்டு போங்கள், இப்போதே, என்று ஆம்புலன்சுக்கும் அவரே போன் செய்தார். டாக்டர் தானே போன் செய்தால் விஷயம் பெரியது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது சன்னல் வழியாக உப்பளம் முழுக்கத் தெரிந்தது. பெண்கள் வரிசையாகப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை தெரிந்தது, அதன் பின்னால் புதர் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். கை நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் காலிலும் குத்தினார்கள். கத்துகிற பிள்ளை, கத்தவே இல்லை. அது ஊசியைவிட எனக்குப் பயமாக இருந்தது. ஒரு லேடி டாக்டர், சின்ன வயதுதான், நிதானமாகப் பேசினார். பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்றார். ரத்தம் உறைவதற்கு உதவுகிற சின்னச் சின்னத் தட்டுகளாம், அது குறைந்தால் உள்ளேயே ரத்தம் கசியலாம். கல்லீரல் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கிறது என்றார். என்ன வியாதி என்று கேட்டேன். அதைத்தான் தேடுகிறோம் என்றார்.

தேடினார்கள். டைபாய்டு, மலேரியா, எலிக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ரத்தம் போனது. வீட்டுக்குப் பக்கத்தில் புதர் இருக்கிறதா, ஆடு மாடு இருக்கிறதா, எலி நடமாட்டம் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். வீட்டுப் பக்கம் புதர் இல்லை என்றேன். அது நிஜம்தான், வீட்டுப் பக்கம் இல்லை. கடைசியாக, உடம்பில் எங்கேயாவது புண் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

குழந்தைகள் ஜுர வார்டில் இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் கொசுவலை. வலைக்கு உள்ளே பிள்ளை, வெளியே ஸ்டூலில் தாய். பக்கத்துக் கட்டிலில் வானூர்ப் பக்கத்திலிருந்து கோமதி என்று ஒரு பெண், கரும்பு வெட்டப் போகிறவள். அவள் மூன்று வயதுப் பெண் தர்ஷினிக்கும் விடாத ஜுரம், ஒன்பதாவது நாள். நான் போனதும் கோமதி தன் டம்ளர் காபியில் பாதியை எனக்கு ஊற்றினாள். பேர்கூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படித்தான், முதலில் காபி, அப்புறம்தான் எந்த ஊர் என்கிற பேச்சு.

மறுநாள் மத்தியானம் ஜுரம் எகிறியது. கிரேசி என்று ஒரு சிஸ்டர் வந்து ஈரத் துணியால் உடம்பைத் துடைக்க ஆரம்பித்தார். பாவாடையை இறக்கியவர் கை அப்படியே நின்றது.

"இன்னாம்மா இது? யாரு சூடு வெச்சது?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. ஆறு நாள் பயமும் அந்த ஒரு கேள்வியில் வெடித்தது. நான் பெத்த பிள்ளைக்கு நானே பீடியால் சுட்டேனா என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "உப்புப் புண்ணுங்க அது. உப்பளத்துல வேல செஞ்சா வரும். ஏசி ரூம்ல நிக்கிற உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பாவாடையை இழுத்து அதை மூடினேன். ஆமாம், என் கையாலேயே மூடினேன்.

கிரேசி சிஸ்டர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. துணியைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார். எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன், இன்னும் அரை மணி நேரம் அதிலேயே போயிருக்கும். ஐந்து நிமிடத்தில் லேடி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் மண்டி போட்டு உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். நடுவில் காய்ந்த கருப்புப் பொருக்கு, சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். தொடையிடுக்கில் தொட்டுப் பார்த்தார், அங்கே நெறி கட்டியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். பத்து நாள் இருக்கும் என்றேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இதற்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர், உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்களாம். புதரிலும் புல்லிலும் எலி நடமாடுகிற இடத்திலும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு இருக்கும். துணி இறுக்கமாக இருக்கிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்காது. கடித்த இடம் பீடியால் சுட்டது மாதிரிக் கருத்துப் பொருக்காகும், பத்து நாள் வாக்கில் ஜுரம் வரும். வழக்கமாகச் சளிக்கும் ஜுரத்துக்கும் கொடுக்கிற மருந்துகளில் பல இந்தக் கிருமியைத் தொடவே தொடாது. இதற்கென்று மருந்து இருக்கிறது, பெரிய விலையும் இல்லை. நேரத்துக்குக் கொடுத்தால் இரண்டு நாளில் ஜுரம் இறங்கும். தாமதமானால் நுரையீரல், மூளை, ஈரல் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

ரத்த முடிவு வர மறுநாள் ஆகும், அதற்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே ஆரம்பிக்கிறேன் என்று ஊசி மருந்து எழுதினார். நான் அவர் பின்னாலேயே போனேன். முதல் நாளே நான் இதைச் சொல்லியிருந்தால் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப பேச வேணாம்மா" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பதில்தான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

அன்று சாயங்காலமே மூச்சு இன்னும் மோசமாகி யாழினியை ஐசியூவுக்கு மாற்றினார்கள். கதவுக்கு வெளியே ஒரு பெஞ்ச். காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். மூக்கில் குழாய், கையில் குழாய், பக்கத்தில் பச்சைக் கோடு ஓடுகிற ஒரு டிவி. கட்டில் பெரியது, பிள்ளை அதில் கால்வாசிகூட இல்லை. கதவு திறக்கிறபோதெல்லாம் என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எழுந்து நிற்பேன். வேறு யார் பெயரையாவது கூப்பிட்டால் நிம்மதியாக இருக்கும். அப்படி நிம்மதிப்பட்டதற்கு என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கும்.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து அப்படியே வந்தார். கையெல்லாம் பெயின்ட். அந்தக் கையோடு உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே குழாயடியில் நின்று, தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புப் புண் என்று சொன்னது, டாக்டரிடம் இரண்டு முறை இல்லை என்றது, கையால் இழுத்து மூடியது, ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு அடிப்பார் என்றே நினைத்தேன்.

"நானும் பாத்தேன் ராணி. குளிப்பாட்டும்போது பாத்தேன். நானும் உப்புப் புண்ணுன்னுதான் நெனச்சேன்."

அவள் பிறந்து இத்தனை வருடத்தில் அவர் ஒருநாள்கூட அவளைக் குளிப்பாட்டியதில்லை. நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பொய்க்காக அந்த மனுஷனை எத்தனை ஜென்மத்துக்கும் கட்டிக்கொள்வேன்.

யாழினி உடம்பில் அந்தப் பொருக்கு கிடைத்த அன்றே, டாக்டர் போய்க் கோமதியின் பெண்ணையும் தலை முதல் கால் வரை தேடியிருக்கிறார். தலைமுடியைப் பிரித்து, காதுக்குப் பின்னால், அக்குளில், எங்கும் இல்லை. அந்தத் தழும்பு எல்லோருக்கும் வராதாம். வராமலேயே இந்த ஜுரம் வரலாமாம். இருந்தாலும் சந்தேகத்தின் பேரில் அதே மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் ரத்த முடிவு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் அதே வியாதி.

தர்ஷினியும் ஐசியூவுக்கு வந்தாள். கோமதியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அடுத்த நாள் காலை கதவு திறந்து கோமதியைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிட நேரம் இல்லை அது, நடுவில் கூப்பிட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் உள்ளே போகும்போது தன் செருப்பை ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தவள் அழவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"உங்க பாப்பாவுக்கு எங்க இருந்துச்சுக்கா?"

"இடுப்புல."

"எம் பாப்பாவுக்கு எங்கியும் இல்லக்கா. நான் நல்லா பாத்தேன். மொத நாள்லருந்து பாத்தேன். நல்லா பாத்தேன்க்கா."

கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை, என் பிள்ளை உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியிருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அன்று சாயங்காலம் யாழினிக்கு ஜுரம் இறங்கியது. இறங்கியதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மறுநாள் உள்ளே போனபோது கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். மிக்சர் வேணும் என்றாள். கிரேசி சிஸ்டர் அங்கேதான் நின்றார். என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போனவர். நான் அவர் காலைத் தொடப் போனேன், நகர்ந்துகொண்டார். "மிக்சர்லாம் இப்ப குடுக்கக் கூடாது, கஞ்சி குடு" என்றார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் காது மந்தமாக இருந்தது, கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், இந்த ஜுரத்தில் அப்படி ஆகுமாம், ஒரு மாதத்தில் சரியானது. இடுப்பில் இப்போது வெளிறிப்போன ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது.

டாக்டர் சொல்லி அனுப்பியதை இங்கே எழுதுகிறேன், இதற்காகத்தான் இத்தனையும். துவைத்த துணியைப் புதர் மேல் உலர்த்தாதீர்கள். பிள்ளைகளைப் புல்லில், புதரில் உட்கார விடாதீர்கள். புதர்ப் பக்கம் போய் வந்தால் அன்றே குளிப்பாட்டி, துணி அனைத்தையும் அவிழ்த்து உடம்பு முழுக்கப் பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், தலைமுடிக்குள். ஜுரம் வந்தால் எந்தக் கறுப்பு இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஜுரம் விடவில்லை என்றால் புதருக்குப் போனோம் என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். கோமதி பறிகொடுத்த பெண்ணை நினைத்துச் சொல்லுங்கள்.

கொட்டகையில் சொன்னதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? அவளுக்கு நேரம் சரியில்லை, நம்முது எல்லாம் உப்புப் புண்ணுதான் என்றார்கள். புதர் இந்த வருடமும் அதே உயரம் வளர்ந்திருக்கிறது. உள்ளே வேறு பிள்ளைகள் வீடு கட்டியிருக்கிறார்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இன்று சாயங்காலம் நோட்டை மூடினேன். அடுத்து நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

தினமும் யாழினியைக் குளிப்பாட்டித் தேடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவளே கையைத் தூக்குவாள், காது, அக்குள், இடுப்பு என்று அவளே வரிசையாகச் சொல்வாள். இன்றைக்கு முடிந்ததும், இப்போது நீ திரும்பு என்றாள். எனக்கு எதற்குடி என்றேன். விடவில்லை. சரி, விளையாட்டுதானே என்று திரும்பி நின்றேன். பின்னால் இடுப்பில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் விரல் நின்றது.

"இது வேற மாதிரி இருக்குதும்மா. நடுவுல கருப்பு, சுத்திச் செவப்பு."

"அது உப்புப் புண்ணுடி."

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. இவ்வளவு பக்கம் எழுதிய கைக்குச் சொந்தக்காரி நான்தான்.

யாழினி விரலை எடுக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"அரிக்குதா?"

"இல்ல."

அவள் போய் என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரத்தம் எடுத்துவிட்டார்கள், மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். உடம்பு கொதிக்கிறது, தலை இன்னும் இடிக்கிறது. வீட்டுக்காரர் கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். என் பக்கத்தில் யாழினி, மடியில் அவளுடைய பழைய ஃபைல்.

டாக்டர் புதியவர், ஆண். எத்தனை நாளாக ஜுரம், என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். தலையைத் தூக்காமலே கடைசியாகக் கேட்டார்.

"உடம்புல புண்ணு எதுனா இருக்குதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி சொன்னாள்.

"இருக்குது சார்."